கட்டி மிஞ்சியது, இடித்து எடுத்தது: கட்டுமானப் பொருளை வீணாக்காமல் கைமாற்ற ஒரு வழிகாட்டி

வீடு கட்டிப் பால் காய்ச்சியாகிவிட்டது. வாசலில் அரை யூனிட் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) கிடக்கிறது. தார்ப்பாயின் கீழ் ஐந்து மூட்டை சிமென்ட், மாடிப்படிக்கு அடியில் பிரிக்காத டைல்ஸ் பெட்டிகள், கொல்லையில் கம்பித் துண்டுகள். "இருக்கட்டும், எதற்காவது ஆகும்" என்று விட்டுவைக்கிறோம். ஐப்பசி மழையில் சிமென்ட் கல்லாகிறது. மணலில் தெருநாய் குட்டி போடுகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு டிராக்டர் வைத்து அத்தனையையும் அள்ளி, ஊருக்கு வெளியே ஏதோ ஒரு ஓடைக் கரையில் கொட்டிவிட்டு வருகிறோம். வாங்கவும் காசு, கொட்டவும் காசு.

மிச்சம் குப்பையாவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: ஒன்றோடொன்று கலந்துபோவது, காலம் கடந்துபோவது. மணலும் செங்கல் உடைசலும் பிளாஸ்டிக் பையும் ஒரே குவியலாகிவிட்டால் அதற்குப் பெயர் ரப்பீஸ். எடுத்துப் போக நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும். அதே பொருள்கள் தனித்தனியாக, அளவோடு, நனையாமல் இருந்தால் கேட்டு வாங்கிப்போக ஆள் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்தப் பிரிப்பையும் நேரத்தையும் பற்றியதுதான். முதல்முறை வீடு கட்டுகிறவர்களையும், பழைய வீட்டை இடிக்கப்போகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

வாங்கும்போதே பேசிவிடுங்கள்

மிச்சத்தைக் குறைக்கும் வேலை கடை வாசலில் தொடங்குகிறது. டைல்ஸ் வாங்கும்போது, "பெட்டி பிரிக்காமல் மிஞ்சினால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை நாளுக்குள்?" என்று கேளுங்கள். பல கடைகள் எடுத்துக்கொள்ளும். ஆனால் வாய்ப்பேச்சு கடைப் பையன் மாறினால் மாறிவிடும். பில்லின் ஓரத்தில் எழுதி வாங்குங்கள். மின்சாரக் கடையில் 90 மீட்டர் சுருள் ஒயரைப் பிரிக்காமல் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மீட்டர் வெட்டியிருந்தாலும் தொட மாட்டார்கள். எனவே கடைசிச் சுருளைப் பிரிக்கும் முன், எலக்ட்ரீஷியனை மீதி வேலையை ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

சிமென்ட்டைத் திருப்பிக் கொடுப்பது கடினம். பூச்சு வேலை முடியும் கட்டத்தில் ஐம்பது மூட்டையாக இறக்காமல் ஐந்து, பத்து என்று வாங்குவதே வழி. மேஸ்திரி முனகுவார். முனகட்டும்.

மிச்சம் யாருடையது என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் விட்டிருந்தால் மிஞ்சியது பொதுவாக ஒப்பந்ததாரருக்கு. கூலிக்கு மட்டும் விட்டிருந்தால் வீட்டுக்காரருக்கு. இது தெளிவாகாமல், பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் வாக்குக் கொடுத்த ஜல்லியை மேஸ்திரி அடுத்த வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டால் மூவருக்கும் மனத்தாங்கல். காலி சிமென்ட் சாக்கு பல இடங்களில் வாட்ச்மேனுக்கோ சித்தாள்களுக்கோ என்பது எழுதாத வழக்கம். அதில் நீங்கள் கை வைக்காமல் இருப்பது மரியாதை.

எண்ணுங்கள், எழுதுங்கள்

வேலை முடிந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "டைல்ஸ் கொஞ்சம் இருக்கிறது" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். "வெள்ளைச் சுவர் டைல்ஸ், 12-க்கு 18 அங்குலம், பிரிக்காத பெட்டி 3, பிரித்ததில் 4 கல், ஒன்றில் முனை உடைந்திருக்கிறது" என்று எழுதிப் புகைப்படத்தோடு அனுப்பினால் அன்று மாலையே தொலைபேசி ஒலிக்கும். வாங்குகிறவருக்குத் தன் குளியலறைச் சுவருக்கு அது போதுமா என்று கணக்குப் போட முடிகிறது.

கம்பியை எடை போடாமலே கணக்கிடலாம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி என்றால் மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மி.மீ. என்றால் 0.89 கிலோ. மூன்றடித் துண்டு பத்து, 8 மி.மீ.யில் இருந்தால் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். காயலான் கடைக்காரரின் தராசை நம்பும் அவசியம் இல்லை.

மணலில் வகை முக்கியம். எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கும் கட்டு வேலைக்கும், அதைவிட நைசான பி-சாண்ட் பூச்சுக்கும். இரண்டையும் ஒரே குவியலாகத் தள்ளிவிட்டால் பூச்சுக்காரரும் வாங்க மாட்டார், கான்கிரீட் போடுகிறவரும் வாங்க மாட்டார். முக்கால் ஜல்லியையும் அரை ஜல்லியையும் அப்படியே தனித்தனியாக வையுங்கள்.

உங்களுக்கென்று எடுத்து வைக்க வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு வகை டைல்ஸிலும் ஒரு பெட்டியாவது பரணில் ஏற்றுங்கள். நாளை குழாய்க் கசிவுக்காகத் தரையை உடைத்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. ஒரே பெயரில் வந்தாலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் சாயல் மாறும். பெட்டியின் மேல் இருக்கும் தொகுதி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட்: காத்திருக்காத பொருள்

மிச்சத்தில் முதலில் கைமாற வேண்டியது சிமென்ட். மூட்டையின் மேல் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். சாதாரணமாக அடுக்கி வைத்த சிமென்ட் மூன்று மாதத்தில் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கையும், ஆறு மாதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையும் இழக்கும் என்பது கட்டட வேலையில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், இன்னும் வேகமாகக் கெடும்.

வைக்க வேண்டியிருந்தால் தரையில் வைக்காதீர்கள். சென்டரிங் பலகையைச் செங்கல் மேல் பரப்பி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் உயராமல் அடுக்கி, மேலே பாலித்தீன் தாள் போட்டு மூடுங்கள். பிரித்த மூட்டையை அன்றோ மறுநாளோ தீர்த்துவிடுங்கள்.

கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். மூட்டைக்குள் கையை விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் மாவுபோல் வழுக்க வேண்டும். நறநறவென்றால் ஈரம் பட்டுவிட்டது. கட்டி இருந்தால் இரு விரலால் நசுக்குங்கள். பொடிந்தால் சலித்து, தரைக்கு அடிக் கலவைக்கோ, சுற்றுச்சுவர் கட்டவோ, துணி துவைக்கும் கல்லுக்கு மேடை போடவோ பயன்படுத்தலாம். பொடியாமல் கல்லாக நின்றால் அதை உடைத்துத் தூளாக்கிக் கலக்கிற வேலை வேண்டாம். அது சிமென்ட் இல்லை, வெறும் தூள். எப்படி இருந்தாலும் பழைய சிமென்ட் தூணுக்கும் உத்தரத்துக்கும் தளத்துக்கும் போகக்கூடாது. அடுத்தவருக்குக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லியே கொடுங்கள்.

செங்கல்

மிஞ்சிய புதுச் செங்கல்லுக்குச் சோதனை தேவையில்லை, அடுக்கினால் போதும். இடித்து எடுத்த செங்கல்தான் கவனிக்க வேண்டியது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரிலிருந்து செங்கல் முழுசாக வரும். கொத்துக் கரண்டியின் முதுகால் நாலு தட்டு தட்டினால் காரை உதிர்ந்துவிடும். சிமென்ட் கலவையில் கட்டிய சுவரில் கலவையை விடச் செங்கல்தான் முதலில் உடையும். அதை முழுக் கல்லாக மீட்கப் பார்ப்பது கூலிக்குக் கட்டாது. செங்கல் ஜல்லியாக உடைத்துக்கொள்வதே நல்லது. சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி சேர்த்து மாடித் தளத்தின் மேல் போட்டு, அதன்மேல் தட்டையான ஓடு பதிப்பது நம் ஊரின் பழைய முறை. இன்றும் அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள்.

முழுக் கல்லை இப்படிப் பாருங்கள். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. இடுப்பளவு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக்கூடாது. ஒரு கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டு, ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவிட்டு மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால் வெளிச்சுவருக்கு வேண்டாம். பழைய செங்கல் அளவு ஊருக்கு ஊர் மாறும். புதுக் கல்லோடு கலந்து கட்டினால் வரிசை இழுக்கும். ஒரு சுவருக்கு ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு முன் நன்றாக நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மிச்சம் எவ்வளவுக்கு ஆகும் என்று தெரிந்தால் கொடுக்கவும் மனம் வரும். ஒன்பது அங்குலச் செங்கல் 500 இருந்தால், நாலரை அங்குலச் சுவராக, நாலடிக்கு ஐந்தடியில், ஏழடி உயரக் கழிப்பறையின் நான்கு பக்கமும் கதவுக்கு இடம் விட்டு எழும்பிவிடும். கட்டு வேலைக்கு இரண்டு மூட்டை சிமென்ட் போதும். உங்கள் வாசலில் கிடக்கிற குவியல் பெரும்பாலும் இந்த அளவுதான்.

கம்பித் துண்டுகள்

புதுக் கம்பியின் வெட்டுத் துண்டுகள் நல்ல சரக்கு. வளையமாக வளைத்துத் தூணுக்கு ரிங் போடலாம். தளம் போடும்போது மேல்கம்பியைத் தாங்கும் நாற்காலி செய்யலாம். சமையல் மேடை, பரண், கழிவுநீர்த் தொட்டி மூடி ஆகியவற்றின் சிறு பலகைகளுக்கும் ஆகும். துருவைத் துணியால் துடைத்தால் போகிறதா என்று பாருங்கள். செதிலாக உரிந்தால் காயலான் கடைக்கு. இடித்த கான்கிரீட்டிலிருந்து உருவி நிமிர்த்திய கம்பி கதை வேறு: வளைந்து நிமிர்ந்த இடத்தில் அது சோர்ந்திருக்கும். மரக்கூண்டு, வேலி, கொடிப்பந்தல் இவற்றுக்கு மட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வீட்டுத் தூணில் வைக்கிறவர்களைத் தடுக்க வேண்டும்.

உடைந்த டைல்ஸும் மொட்டை மாடியும்

எனக்குப் பிடித்த மறுபயன்பாடு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மிஞ்சிய வெள்ளைச் சுவர் டைல்ஸும் அதன் வெட்டுத் துண்டுகளும் மொட்டை மாடிக்குப் போனால் சித்திரை வெயிலைத் திருப்பி அனுப்பும். கீழ் அறையில் மின்விசிறி அனல் காற்றாக வீசுவது குறையும். உங்களிடம் போதுமான அளவு இல்லாவிட்டால், டைல்ஸ் கடைகளின் பின்பக்கம் உடைந்த பெட்டிகள் குவிந்திருக்கும். சும்மாவோ சொற்ப விலைக்கோ தருவார்கள்.

முதலில் துண்டு எந்த வகை என்று பாருங்கள். முதுகில் ஒரு சொட்டு நீர் விட்டால் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால் அது சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ். சிமென்ட் கலவையில் பிடிக்கும். நீர் முத்தாக நின்றால் விட்ரிஃபைட் தரை டைல்ஸ். வெறும் கலவையில் ஒட்டாது, வெயிலிலும் மழையிலும் ஒரு வருடத்தில் பெயர்ந்து வரலாம். அதற்குத் தனிப் பசை வேண்டும், செலவு கூடும்.

செராமிக் துண்டுகளைச் சாக்குக்குள் போட்டு மரச் சுத்தியால் தட்டி இரண்டு மூன்று அங்குலத் துண்டாக்குங்கள். சாக்கு இல்லாமல் தட்டினால் சில்லு கண்ணுக்கு வரும். துண்டுகளை நீரில் ஊறப் போடுங்கள். மாடியைச் சுரண்டிக் கழுவி, விரிசல் இருந்தால் முதலில் அதை அடைத்து, மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிவு இருக்கிறதா என்று ஒரு குடம் நீர் ஊற்றிப் பாருங்கள். சரிவு சரியில்லாவிட்டால் இப்போதே கலவையில் சரி செய்ய வேண்டும். பதித்த பிறகு வழியில்லை. ஈரத் தரையில் சிமென்ட் பால் தடவி, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையை ஒரு அங்குலம் பரப்புங்கள். ஒரு நேரத்தில் கைக்கு எட்டும் அளவுக்கு மட்டும் பரப்புவது நல்லது. துண்டுகளைப் பளபளப்பான பக்கம் மேலே வர நெருக்கமாக அழுத்தி, மேலே பலகை வைத்துத் தட்டி மட்டம் பாருங்கள். கூர்மையான முனை எங்கும் துருத்தக்கூடாது. மறுநாள் இடுக்குகளில் வெள்ளை சிமென்ட் கரைசலைத் தள்ளி, அது இறுகுவதற்குள் மேல்பரப்பை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு வாரம் நீர் தேக்கி வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இந்த மேல்தளம் சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் சுமை கூட்டும். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியோ, வயதான தளமோ என்றால் பொறியாளரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். அடுத்தது, மழையில் இது வழுக்கும். வடகம் காயப்போடவும் துணி உலர்த்தவும் நடக்கும் பாதையில் மட்டும் சொரசொரப்பான துண்டு பதியுங்கள்.

மரம்

பழைய வீட்டில் உண்மையான பணம் மரத்தில்தான் இருக்கிறது. தேக்கு உத்தரம், வேங்கைச் சட்டம், பலாக் கதவு என்று இன்றைய விலையில் நினைத்துப் பார்க்க முடியாதவை சுவருக்குள் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் விலைக்கு நிற்கின்றன. அந்த வியாபாரத்தின் மேல் எனக்கு இரண்டு மனம்: நிற்கிற வீட்டைத் தூணுக்காகப் பிரிப்பது வேதனை, ஆனால் எப்படியும் விழப்போகிற வீட்டின் தூண் விறகாகாமல் இன்னொரு கூடத்தைத் தாங்குவது நல்லதுதானே. 1996-இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவில், தென்னிந்திய ஊர்களிலிருந்து பழைய வீடுகளை ஒவ்வொரு பாகமாகப் பிரித்து எடுத்து வந்து மறுபடி எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். கவனமாகப் பிரித்தால் ஒரு முழு வீடே இடம் மாறும் என்பதை அங்கே போனால் பார்க்கலாம்.

நிலையைக் கழற்றும்போது கதவை முதலில் கீலிலிருந்து இறக்குங்கள். பிறகு நிலையின் இரு கால்களையும் கீழ்ப்பக்கம் ஒரு ரீப்பரால் (மெல்லிய மரச் சட்டம்) இணைத்து ஆணி அடித்து, மூலைக்கு மூலை இன்னொரு ரீப்பர் குறுக்கே கொடுங்கள். இது செய்யாமல் சுவரை உடைத்தால் நிலை சதுரம் கெட்டு, அடுத்த வீட்டில் கதவு சாத்தாது. சுவரில் பதிந்திருக்கும் இரும்புப் பிடிகளை அறுத்து எடுக்க வேண்டும், நெம்பக்கூடாது.

மரத்தைச் சோதிக்க உளியின் பின்புறத்தால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை திடீரென்று பொத்தென்று மாறும் இடத்தில் உள்ளே கரையான் தின்றிருக்கிறது. குண்டூசித் துளைகளும் அதன் கீழே மாவுபோல் தூளும் இருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்ற மரத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். உத்தரத்தின் இரு நுனியும் சுவருக்குள் ஈரத்தில் இருந்தவை, அங்கேதான் முதலில் மக்கும். நுனியை வெட்டிவிட்டால் நடுப்பகுதி பெரும்பாலும் வைரமாக இருக்கும். இழைப்பதற்கு முன் ஆணி அத்தனையும் பிடுங்கப்பட வேண்டும். ஒரு துருப்பிடித்த ஆணி அறுவை ஆலையின் ரம்பத்தைத் தின்றுவிடும், அப்புறம் அவர்கள் உங்கள் மரத்தைத் தொடவே மாட்டார்கள்.

ஒரு நடைமுறை விஷயம். தலைவாசல் நிலையை இன்னொரு வீட்டிலிருந்து வாங்க நம் ஊரில் பலர் தயங்குவார்கள். "நொடித்துப்போன வீட்டு நிலை" என்று பேச்சு வரும். அதோடு வாதாடிப் பயனில்லை. அதைப் பள்ளிக்கோ, நூலகத்துக்கோ, கடைக்கோ கொடுங்கள். இல்லையென்றால் பெஞ்சாகவும் அலமாரியாகவும் மாற்றுங்கள். ஜன்னலுக்கும் உள்கதவுக்கும் இந்தத் தயக்கம் கிடையாது.

பழைய மரத்தின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2016-இல்தான் வந்தது. அந்தப் பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக்கூடாது. நனைத்துச் சுரண்டி, தூளைத் தனியே கட்டி வையுங்கள். அந்த மரத்தில் தொட்டிலோ குழந்தைக் கட்டிலோ செய்ய வேண்டாம்.

மற்றவை, வேகமாக

திறக்காத பெயின்ட் டப்பா, குழாய், ஸ்விட்ச், வாஷ்பேசின் எல்லாம் எளிதில் கைமாறும். பாதி தீர்ந்த பெயின்ட்டின் மூடியை இறுக அடித்து, மேலே நிறத்தின் எண்ணையும் திறந்த தேதியையும் எழுதுங்கள். நாற்றம் அடித்தால் கெட்டுவிட்டது. ஓடுகளை நிற்க வைத்து அடுக்குங்கள், படுக்க வைத்தால் அடியில் இருப்பவை விரியும்.

யாருக்கும் கொடுக்கக்கூடாதவை: ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு, விரிசல் விழுந்த கழிப்பறைக் கோப்பை, காலாவதியான நீர்க்கசிவுத் தடுப்பு ரசாயனம், இன்சுலேஷன் வெடித்த பழைய ஒயர். ஆஸ்பெஸ்டாஸை உடைக்கவே கூடாது. அதன் இழை நுரையீரலில் தங்கி ஆண்டுகள் கழித்து நோயாக வரும். நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கி, பாலித்தீனில் சுற்றி, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு அப்புறப்படுத்துங்கள். ஏழை வீட்டுக்குக் கூரையாகட்டும் என்று அதைக் கொடுப்பது தர்மம் இல்லை.

வீட்டை இடிக்கிறீர்கள் என்றால்

கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பிரியுங்கள். முதலில் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அடுத்து விளக்கு, குழாய், பிறகு கதவு, ஜன்னல், ஓடு, கைமரம், உத்தரம், கடைசியில் சுவர். ஜேசிபி ஒரே நாளில் முடித்துவிடும் என்பது உண்மை. அந்த ஒரு நாளில் ஓடும் மரமும் செங்கல்லும் ஒன்றாக நொறுங்கி ரப்பீஸாகிவிடும் என்பதும் உண்மை. நடுவழி ஒன்று உண்டு: கூரையையும் மரத்தையும் ஆட்களை வைத்து இறக்கிவிட்டு, சுவருக்கு மட்டும் இயந்திரம்.

இடிக்கும் ஒப்பந்ததாரர்கள் வீட்டின் மரத்தையும் கம்பியையும் பார்த்தே விலை சொல்வார்கள். நல்ல மரம் உள்ள வீட்டுக்கு அவர்களே உங்களுக்குப் பணம் தருவதும் உண்டு. எனவே அவரைக் கூப்பிடும் முன் உங்கள் பட்டியல் தயாராக இருக்கட்டும். எதெல்லாம் உங்களுக்கு, எதெல்லாம் அவருக்கு, ரப்பீஸை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஏரியும் ஓடையும் மேடாவது அப்படித்தான். கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்றே மத்திய அரசு 2016-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. சாலையிலும் வடிகாலிலும் நீர்நிலையிலும் கொட்டக்கூடாது, பிரித்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இந்தக் கழிவை உடைத்துச் சலித்து ஜல்லியாகவும் மணலாகவும் மாற்றும் ஆலைகள் மாநகராட்சிக்கு உள்ளன.

அந்த மறுசுழற்சி ஜல்லியை நம்பலாமா என்று கேட்பார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 383, 2016 பதிப்பு, இடித்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லிக்கு அளவோடு இடம் தந்திருக்கிறது: கம்பியில்லாக் கான்கிரீட்டில் நான்கில் ஒரு பங்கு, எம்25 என்ற வலுத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு, தரைக்கு அடியில் போடும் மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமே. வீட்டுக்காரர் தன் கொல்லையில் சம்மட்டியால் உடைத்த ஜல்லிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது அடித்தளக் குழி நிரப்பவும் நடைபாதைக்கு அடியில் போடவும் மட்டும்.

யாருக்கு, எப்படிக் கொடுப்பது

"என்னிடம் இது இருக்கிறது, வேண்டுமா?" என்று தொடங்காமல், "உங்களுக்கு என்ன தேவை?" என்று தொடங்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் வாசல் குப்பை இன்னொருவர் வாசலுக்கு இடம் மாறியதாக முடியும்.

முதலில் தெருவுக்குள்ளேயே தேடுங்கள். யாரோ ஒருவர் கழிப்பறை கட்டிக்கொண்டிருப்பார், யாரோ மாட்டுக்கொட்டகைக்குத் தரை போடப் பார்ப்பார். அரசு உதவியில் வீடு கட்டுகிறவர்களுக்கு உங்கள் மிச்சம் பெரிய ஆறுதல். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதற்குள் சுவரும் தளமும் எழும்பிவிட்டாலும் சமையல் மேடைக் கல், குளியலறை டைல்ஸ், ஒரு உள்கதவு என்று கடைசிக் கட்டத்தில்தான் கை வறளும். அந்தக் கட்டத்தில் இருப்பவர் யார் என்று ஊராட்சியில் கேட்டால் சொல்வார்கள்.

அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதானால் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பார்த்துப் பேசி, ஒரு கடிதத்தோடு கொடுங்கள். அவர்கள் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கட்டடத்தின் சுமை தாங்கும் வேலைக்கான பொருளைப் பள்ளியில் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. பெயின்ட், குழாய், கைகழுவும் தொட்டிக்கு டைல்ஸ், பழைய தேக்கில் செய்த பெஞ்சு ஆகியவற்றை மகிழ்ந்து ஏற்பார்கள். பெரிய அளவில் கொடுக்க விரும்பினால் 2022-இல் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி அமைப்பின் வழியாகவும் போகலாம்.

கொடுக்கும்போது சேர்த்துக் கொடுங்கள். டைல்ஸோடு மீதிப் பசையும் இடுக்குத் தூளும், வாஷ்பேசினோடு அதன் தாங்கியும் கழிவுக் குழாயும், கதவோடு கீலும் தாழ்ப்பாளும் போகட்டும். தாழ்ப்பாள் இல்லாத கதவை வாங்கிப்போகிறவர் அதற்காகக் கடைக்குப் போய் எந்தப் பணத்தை மிச்சப்படுத்தினாரோ அதையே செலவழிப்பார்.

நாலு பேர் சேர்ந்தால் ஒரு கிடங்கு

ஒரு வீட்டு மிச்சம் சிறியது. ஒரு குடியிருப்பு நகரின் மிச்சம் பெரியது. ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற வீட்டுவசதித் தொண்டு அமைப்பு 1991-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரீஸ்டோர் என்ற முதல் கடையைத் திறந்தது. வீட்டுக்காரர்களும் கட்டுநர்களும் கொடுக்கும் மிச்சப் பொருளைக் குறைந்த விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் வீடற்றவர்களுக்கு வீடு கட்ட உதவுவது அதன் வேலை. இன்று பல நாடுகளில் அந்தக் கடைகள் உள்ளன. அதைச் சின்ன அளவில் நம் ஊரில் செய்ய ஒரு தகரக் கொட்டகை போதும்.

எதை வாங்குவோம், எதை வாங்க மாட்டோம் என்று வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். வாங்க மாட்டோம் என்ற பட்டியல்தான் நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரின் ரப்பீஸ் எல்லாம் இரவோடிரவாக உங்கள் வாசலில் இறங்கும். எந்தப் பொருளும் மூன்று மாதத்துக்கு மேல் தங்கக்கூடாது, சிமென்ட் ஒரு மாதம். அதற்குள் போகாததைக் காயலான் கடைக்கோ மறுசுழற்சிக்கோ அனுப்பிவிடுங்கள். முழுக்க இலவசம் வேண்டாம் என்பது என் கருத்து. சும்மா என்றால் தேவையில்லாதவரும் நாலு பெட்டி எடுத்துப்போய் வீட்டில் அடுக்கிவைப்பார், மிச்சம் இடம் மட்டும் மாறும். ஒரு பெயரளவு விலை வையுங்கள்; உண்மையிலேயே முடியாதவருக்கு அதைப் பேசாமல் விட்டுவிடுங்கள், மற்றவர் முன்னால் அல்ல. வாரத்தில் ஒரு நாள் ஒரு தச்சரும் ஒரு கொத்தனாரும் வந்து உட்கார்ந்தால், எது எதற்கு ஆகும் என்று வருகிறவருக்குச் சொல்வார்கள். அந்தக் கூலிக்குத்தான் அந்தப் பெயரளவு விலை.

வண்டி

கடைசியில் எல்லாம் வண்டி வாடகையில் வந்து நிற்கும். குட்டி யானை என்று நாம் சொல்லும் சிறு சரக்கு வண்டி ஏறக்குறைய முக்கால் டன் தாங்கும். அதாவது சிமென்ட் என்றால் 15 மூட்டை, செங்கல் என்றால் 250. தூரத்துக்குச் செங்கல்லையும் மணலையும் ஏற்றாதீர்கள். வாடகை பொருளின் விலையைத் தாண்டிவிடும், அவை உள்ளூரிலேயே போகட்டும். மரம், டைல்ஸ், குழாய், பெயின்ட் ஆகியவை தூரம் தாங்கும். வாடகை யார் தருவது என்பதைத் தொலைபேசியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, இடையில் வைக்கோலோ பழைய சாக்கோ திணித்து, கயிறு போட்டுக் கட்டுங்கள். இறக்க எதிர்முனையில் ஆள் நிற்கிறார்களா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். ஓட்டுநர் தனியாக இறக்கினால் பாதி முனை உடைந்திருக்கும்.